அத்தைக்குக் கால் வலி

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் பேருந்தை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் முதலில் ஊர் வரும். ஊரைத் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டி இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் நம் மக்கள் குடியிருப்பு. எந்த ஊர் என்று நாம் எழுதவில்லை. அந்தக் குடும்பம் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அந்த வழியாகப் போய் வருகிறவர்கள், "இது எங்க ஊராக்கும்" என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்படி நினைக்கிற ஊர்கள் பத்தாவது இருக்கும்.

அந்தக் குடியிருப்பின் மூன்றாவது தெருவில் ஒரு தொகுப்பு வீடு. அந்த வீட்டுப் பிள்ளை மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் பாலீஷ் போடுகிற வேலைக்குப் போனவர். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தவறியவர். பட்டறைக்குச் சிலை பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களோடு பேசிப் பேசியே ஆங்கிலம் வந்தது. ஒத்தவாடைத் தெருவில் அறை எடுத்துத் தங்கி, கல்லில் உளி பிடிக்கக் கற்றுக்கொள்ள வந்த ஒரு ஜெர்மன் பெண்ணோடு பழக்கமாகி, அது கல்யாணத்தில் முடிந்தது. ஏழு வருடம் ஆகிறது. இப்போது அவர்கள் ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறார்கள். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. இந்த ஆடி மாதம் மூன்று பேரும் இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தார்கள்.

மருமகளின் பெயர் மாமியாருக்கு வாயில் நுழையவில்லை. "கண்ணு" என்றே கூப்பிடுகிறார். மருமகள் அவரை "அத்தை" என்கிறார். ஏழு வருடத்தில் சமாளிக்கும் அளவுக்குத் தமிழ் கற்றிருக்கிறார். 'ழ' நம்மில் பாதிப் பேரைவிட அவருக்கு நன்றாக வருகிறது. இதைச் சொல்ல நமக்கு வெட்கம்தான்.

ஆடித் திருவிழா அன்று நடந்ததைத்தான் எழுத வந்தோம்.

ஊர் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட மருமகள் பார்க்க ஆசைப்பட்டார். கணவர் அன்று பத்திரப் பதிவு வேலையாகச் செங்கல்பட்டு போயிருந்தார். மாமியாரும் மருமகளும் குழந்தையுமாகக் கிளம்பினார்கள். புடவை கட்டி, பூ வைத்து, நெற்றியில் குங்குமத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் வருவதைப் பார்த்ததும் கோயில் வாசலில் இருந்தவர்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வழி விட்டார்கள். இளைஞர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். ஒருவர் குழந்தையைத் தூக்கிச் சாமியைக் காட்டினார். பூசாரி தட்டில் இருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார்.

மருமகள் திரும்பிப் பார்த்தபோது மாமியார் கூட இல்லை. தெருமுனையில், மின்கம்பத்துக்குப் பக்கத்தில், முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"அத்தை, உள்ள வாங்க" என்று அங்கிருந்தே கூப்பிட்டிருக்கிறார் மருமகள்.

"எனக்குக் கால் வலிக்குது கண்ணு. நீ பாத்துட்டு வா."

கோயிலில் இருந்த ஒரு பெரியவருக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. "எந்த வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். மருமகள் கள்ளம் இல்லாமல் மாமியாரைக் கை காட்டினார். அதற்குப் பிறகு யாரும் சத்தம் போடவில்லை. யாரும் வெளியே போகச் சொல்லவும் இல்லை. படம் பிடித்துக்கொண்டிருந்த கைகள் இறங்கின. குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவர் இறக்கிவிட்டார். கூழ் ஊற்றுகிற இடத்தில் செம்பை நீட்டியபோது, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, கடைசியில தரோம்" என்றார்கள்.

வெள்ளைத் தோலுக்கு அந்த ஊரில் அரைமணி நேரம்தான் ஆயுள்.

அன்று இரவு அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை என்று பின்னர் அறிந்தோம். மருமகள் கேட்ட முதல் கேள்வி மாமியாரிடம்: "உங்களுக்கு நிஜமாவே கால் வலியா?" மாமியார் ஆமாம் என்றே சொன்னாராம். இரண்டாவது கேள்வி கணவரிடம்: "ஏழு வருஷம் ஆச்சு. எல்லாம் சொன்னீங்க. இதை ஏன் சொல்லல?"

இந்தப் பத்தியில் வழக்கமாக நாம் வழக்கு, மனு, போராட்டம் என்று எழுதுவோம். வெளிநாட்டுக் கல்யாணம் நமக்கென்ன சம்பந்தம் என்று மாணவர்கள் கேட்கலாம். அந்த இரண்டாவது கேள்விதான் சம்பந்தம்.

அந்த இளைஞரிடம் நாம் இரண்டு முறை பேசினோம். மெதுவாகப் பேசுகிறவர். முதலில் அங்கே போனபோது பட்ட பாட்டையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். மனைவியோடு சேர்ந்து வாழ விசா வாங்க அடிப்படை ஜெர்மன் மொழித் தேர்வில் தேற வேண்டும். அதற்காகச் சென்னை மேக்ஸ் முல்லர் பவனுக்குப் படிக்கப் போனார். பத்தாம் வகுப்பில் தவறியவர் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்திருக்கிறார். "தமிழ் மாதிரிதான் சார். சில வாக்கியத்துல வினைச்சொல் கடைசியிலதான் வரும். இங்கிலீஷ் படிச்சவங்க தடுமாறுவாங்க. எனக்கு அது சுலபமா வந்துச்சு" என்றார். தமிழ் முதுகலை படித்த நமக்கு அதைக் கேட்கக் காதில் தேன்.

போன பிறகு வந்த கஷ்டம் வேறு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிவிடும். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. யாரும் யார் வீட்டுக்கும் சொல்லாமல் வர மாட்டார்கள். எதிர்வீட்டுக் கிழவர் செத்துப்போனது நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்ததாம். நம் குடியிருப்பில் ஒரு சாவு என்றால் பறையடிக்கும் முன்பே நான்கு தெருவுக்கும் தெரிந்துவிடும். பிள்ளை பிறந்ததும் அதற்குத் தனிக் கட்டில், கொஞ்ச நாளில் தனி அறை. "கொழந்த அழுதா மனசு கேக்குமா? எங்கம்மா நாலு பிள்ளையையும் ஒரே பாயில போட்டுப் படுத்தவங்க" என்றார். இதில் மனைவியோடு பெரிய சண்டை வந்து, கடைசியில் குழந்தையின் கட்டில் அவர்கள் கட்டிலை ஒட்டி நகர்ந்து வந்ததாம். இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள். ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி. முதல் குளிர்காலத்தில் அதைப் பார்த்து அழுதிருக்கிறார்.

இங்கே வந்தால் மனைவிக்கு அதே கதை தலைகீழாக. கதவைத் தாழிட்டால் தெருவே "உடம்பு சரியில்லையா" என்று கேட்கிறது. சம்பளம் எவ்வளவு, அடுத்த குழந்தை எப்போது என்று முதல் நாளே கேட்டுவிடுகிறார்கள். குழந்தைக்கு யார் வீட்டில் சோறு ஊட்டினார்கள் என்றே கண்டுபிடிக்க முடிவதில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மருமகள் சைவம். மாமியார் ஞாயிற்றுக்கிழமை ஆசையாகச் செய்கிற மாட்டுக்கறிக் குழம்பைத் தொடுவதில்லை. ஊர்க்காரர்கள் சிலர், "வெள்ளைக்காரியா இருந்தும் பாருங்க, சுத்த சைவம்" என்று மெச்சுகிறார்களாம். மாமியாருக்கு அதில்தான் கோபம். "அவ ஆடுமாடு பாவம்னு சாப்பிடல. இவங்க மெச்சுறது இன்னாத்துக்குன்னு எனக்குத் தெரியாதா தம்பி?" என்றார் நம்மிடம்.

சாப்பாடும் கட்டிலும் கதவும் பழகிவிடுகிற விஷயங்கள். இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து, சிரித்து, சண்டை போட்டுக் கடந்துவிட்டார்கள். சொல்லாமல் விட்டதுதான் நடுவில் நின்றது.

ஏன் சொல்லவில்லை? "அங்க யாரும் கேக்கல சார். கேட்காததை நானா எதுக்குச் சொல்லணும்? அங்க நான் ஒரு இந்தியன். அவ்ளோதான். கேன்டீன்ல மாட்டுக்கறி வாங்கித் தட்டுல வச்சுக்கிட்டு உக்காருவேன். ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான். அந்தச் சுகத்தைக் கெடுத்துக்க வேணாம்னு நினைச்சேன்."

பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். அங்கே ஒரு தைப்பொங்கல் கூட்டத்துக்கு மனைவி குழந்தையோடு போயிருக்கிறார். நம் பக்கத்துத் தமிழர் ஒருவர் அன்பாக வந்து பேசியிருக்கிறார். "மகாபலிபுரம் பக்கமா? அட, நம்ம ஊருதான்! ஊருக்குள்ளயா, காலனியா?" இவர் பதில் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மனைவிக்குத் தமிழ் அப்போது அவ்வளவு தெரியாது. "தலை வலிக்கிறது" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்.

அம்மாவுக்குக் கால் வலி, மகனுக்குத் தலைவலி.

'காலனி' என்கிற அந்தச் சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே விமானம் ஏறிப் போய்விட்டது. அமெரிக்காவில் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரி 21 அன்று சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அங்கே அப்படி ஒரு சட்டம் எதற்குத் தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம் அதுபோன்ற மசோதாவை நிறைவேற்றியும், அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திட மறுத்துவிட்டார். ஜெர்மனியின் 2006ஆம் ஆண்டு சமநடத்தைச் சட்டத்தில் இனம், மதம், பால், வயது, உடற்குறை என்று வரிசை இருக்கிறது. சாதி என்ற சொல் அதில் இல்லை. பொங்கல் கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு அங்கே எந்தப் பிரிவில் புகார் எழுதுவது?

கடல் தாண்டிய குடும்ப வாழ்க்கை நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. இதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தார்கள். 1911 வரை சுமார் 1,52,000 பேர் அப்படிப் போனார்கள். அதில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தவர். வட ஆர்க்காடும் நம் செங்கல்பட்டும் அதிகம் ஆள் அனுப்பிய மாவட்டங்களில் சேர்ந்தவை. நம் பாட்டன் பூட்டன்மார் அந்தக் கப்பல்களில் இருந்தார்கள். பெண்கள் குறைவு. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பதுதான் கணக்கு. லைன் வீடுகளில் சாதி பார்த்துக் கல்யாணம் செய்யப் பெண் ஏது? யாரும் யாரையும் கட்டினார்கள். தாலி கட்டினார்கள், பதிவு செய்யவில்லை.

அந்தப் பதிவு இல்லாமைதான் பின்னால் இடியாக இறங்கியது. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பளித்தார். பலதார மணத்தை அனுமதிக்கிற மதச் சடங்குகளின்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் ஏற்காது என்பது அதன் சாரம். ஒரே நாளில் பல்லாயிரம் இந்திய மனைவிமார் மனைவிகள் இல்லை, பிள்ளைகள் வாரிசுகள் இல்லை என்ற நிலை. அதுவரை வீட்டில் இருந்த பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், சிறைக்குப் போனார்கள். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறையில் உடல் கெட்டு, 1914 பிப்ரவரி 22 அன்று, தன் பதினாறாவது பிறந்த நாளில் இறந்தார். அந்த ஆண்டு வந்த இந்தியர் நிவாரணச் சட்டம்தான் அந்தக் கல்யாணங்களுக்கு உயிர் கொடுத்தது.

அந்த ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக ஒரு நம்மவர் இருந்தார். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' என்று பெயரிட்டு இதழ் நடத்தியவர். பெயரை மறைக்காதவர். நீண்ட காலம் அந்நிய மண்ணில் வாழ்ந்துவிட்டு 1921இல் ஊர் திரும்பினார். சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி 1924இல் அவர் கொண்டுவந்து நிறைவேற்றிய தீர்மானம் எதைப் பற்றியது தெரியுமா? பொதுத் தெருவிலும் பாதையிலும் யாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் யாரும் தண்ணீர் எடுக்கலாம், பொது அலுவலகங்களுக்குள் யாரும் போகலாம் என்பதைப் பற்றியது. கடல் தாண்டிக் கண்டம் விட்டுக் கண்டம் போய் வந்த மனிதர் கேட்டது தெருவில் நடக்கிற உரிமையை. நூறாண்டு ஆகிறது. நம் அத்தை தெருமுனை மின்கம்பத்தோடு நிற்கிறார்.

அந்நியப் பெண்ணை மணந்த தலித் என்று தேடினால் நம் கண்முன் நிற்கிற பெரிய உதாரணம் கே.ஆர். நாராயணன். கேரளத்தில் கோட்டயம் மாவட்டம் உழவூரில் கூரை வீட்டில் பிறந்தவர். பள்ளிக்குப் பல கிலோமீட்டர் நடந்து போனவர். சம்பளம் கட்ட முடியாததால் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர். புத்தகம் வாங்கக் காசில்லாமல், மற்றப் பிள்ளைகளின் புத்தகத்தை அண்ணன் வாங்கிக் கையால் எழுதிக் கொடுக்க, அதைப் படித்தவர். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றும் விரிவுரையாளர் வேலை மறுக்கப்பட்டது. பட்டமளிப்பு விழாவுக்குப் போய்ப் பட்டம் வாங்க மறுத்தார். லண்டனில் பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கியிடம் படித்துவிட்டு, அவர் நேருவுக்குக் கொடுத்த கடிதத்தோடு திரும்பி, 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முதலில் அனுப்பிய இடங்களில் ஒன்று பர்மாவின் ரங்கூன்.

அங்கே மா டின்ட் டின்ட் என்ற பர்மியப் பெண். ரங்கூன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். லாஸ்கியின் மாணவர் ஒருவர் தூதரகத்துக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, தன் நண்பர்கள் கூட்டத்தில் அரசியல் சுதந்திரம் பற்றிப் பேச வரும்படி கேட்கப் போனார். அந்தப் பேச்சு முடிவில்லாமல் நீண்டது. வெளியுறவுப் பணியில் இருப்பவர் வெளிநாட்டவரை மணக்க விதி இடம் தரவில்லை. பிரதமர் நேருவின் தனி அனுமதி தேவைப்பட்டது. அது கிடைத்து, 1951 ஜூன் 8 அன்று டெல்லியில் கல்யாணம் நடந்தது. மணப்பெண் இந்தியக் குடியுரிமை பெற்றார், உஷா என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

இந்தப் பெயர் மாற்றம் நமக்கு எப்போதும் உறுத்தும். போகிற இடத்துக்குத் தக்கபடி பெண்ணின் பெயரை மாற்றுவது என்ன வழக்கம்? ஆனால் அந்த அம்மையார் தன் மொழியை மாற்றவில்லை. பர்மிய எழுத்தாளர் தெயின் பே மியின்ட்டின் சிறுகதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நூலாக்கினார். டெல்லியில் சமூகப் பணியில் முதுகலை படித்தார், பெண்கள் குழந்தைகள் நலத்தில் வேலை செய்தார். கணவர் தூதராகப் போன நாடுகளிலெல்லாம் இரண்டு பெண் குழந்தைகளோடு வீட்டை மாற்றி மாற்றி அமைத்தார். தாய்லாந்து, துருக்கி, சீனா, அமெரிக்கா. மூத்த மகள் சித்ரா அப்பாவைப் போலவே வெளியுறவுப் பணியில் சேர்ந்து தூதரானார்.

அந்த அம்மையாருக்குச் சாதி ஒரு புது அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. பர்மாவிலும் புத்தர் கோயில்களுக்கு அடிமைகளாக நேர்ந்துவிடப்பட்ட குடிகளை மற்றவர்கள் தள்ளிவைக்கிற வழக்கம் இருந்தது. தீண்டாமை நம் நாட்டுத் தனிச் சரக்கு என்று பெருமைப்படவோ சிறுமைப்படவோ வேண்டாம். 1997 ஜூலை 25 அன்று நாராயணன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது உலகப் பத்திரிகைகள் பலவும் அவர் படித்த படிப்பையும் பார்த்த பதவிகளையும் விட அவர் பிறந்த சாதியைத்தான் தலைப்பாக்கின. நாற்பத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கைக்குப் பிறகு, ராஷ்டிரபதி பவனுக்குள் நுழைகிற அன்றும் அந்தச் சொல் கூடவே வந்தது. அவர் அதை மறைத்தவர் அல்லர். அதனால் அந்த வீட்டில் யாருக்கும் கால் வலி வந்திருக்காது.

நம் பக்கத்துக்குத் திரும்புவோம். இந்தக் கடற்கரையில் வெளிநாட்டவரை மணக்கிற பிள்ளைகள் இன்னும் சிலர் நமக்குத் தெரியும். சுற்றுலா வழிகாட்டி, அலைச்சறுக்குக் கற்றுத் தருகிறவர், சிற்பி, சமையல்காரர். கல்யாணம் என்றால் இந்தக் கடற்கரைக்குப் பழக்கம்தான். மாசிமகத்தன்று இருளர் மக்கள் மாமல்லபுரம் மணலில் கூடி, கன்னியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே பெண் பார்த்துப் பேசி முடிப்பதும் தாலி கட்டுவதும் இன்றும் நடக்கிறது. வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கப் போய்வந்தார்கள், 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஆக, வெளிநாடு என்பது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் தனிச் சொத்து அல்ல. ஆனால் நம் பிள்ளைகள் காகிதத்தில் ஏமாந்துவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் சட்டம்.

கோயிலில் மாலை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பொருந்தும். சுயமரியாதைத் திருமணத்துக்கும் அதே நிபந்தனைதான். வெளிநாட்டவரை, வேற்று மதத்தவரை மணக்க 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். பதிவாளர் அலுவலகத்தில் முன்னறிவிப்புக் கொடுத்து, அது 30 நாள் பலகையில் தொங்கி, ஆட்சேபணை இல்லாவிட்டால் மூன்று சாட்சிகள் முன்னிலையில் கல்யாணம். வெளிநாட்டவர் தனக்கு ஏற்கெனவே மணமாகவில்லை என்று தன் நாட்டுச் சான்று தர வேண்டியிருக்கும். பலகையில் பெயர் தொங்குகிற அந்த 30 நாள்தான் நம் பிள்ளைகளுக்கு ஆபத்தான காலம். அதை நாம் வேறு வழக்குகளில் பார்த்திருக்கிறோம். வெளிநாட்டிலேயே மணப்பதானால் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் செய்துகொள்ள வழி உண்டு. பதிவு ஆகி இரண்டு வருடம் ஆன பிறகே வெளிநாட்டுத் துணைவர் கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். சர்ல் தீர்ப்பின் கதையை எதற்குச் சொன்னோம் என்று இப்போது புரியும்.

பிள்ளையின் சாதி என்ன? இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்டது அந்த ஜெர்மன் மருமகள்தான். அவர் சாதிச் சான்றிதழ் வாங்கக் கேட்கவில்லை. "என் மகள் அந்தக் கோயிலுக்குள் யார்?" என்று கேட்டார். உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில், குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் சாதிதான் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யக் கூடாது, பிள்ளை எந்தச் சூழலில் வளர்ந்தது, என்னென்ன இழிவையும் இழப்பையும் பட்டது என்று பார்க்க வேண்டும் என்றது. அதை நாம் விளக்கினோம். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அன்னைக்கு அவளை இறக்கி விட்டாங்களே, அது கணக்கில் வருமா?" என்றார்.

நம்மிடம் பதில் இல்லை. கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவர்கள் விஷயம். ஒரு வாரம் பேச்சு சரியாக இல்லை என்று மாமியார் சொன்னார். "என்னாலதான் வந்துச்சு. அன்னிக்கே கால் வலி இல்ல, நம்மள உள்ள விட மாட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் புள்ள தலைகுனிஞ்சு நிக்க வேணாம்" என்று அழுதார். மருமகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "அத்தை ஏன் சொல்லணும்? சொல்ல வேண்டியது அவங்க" என்று கோயில் பக்கம் கை காட்டினார். அந்தக் கையை அத்தை பிடித்து இறக்கினார். பழக்கம்.

எட்டாம் நாள் மகன்தான் நம்மைக் கூப்பிட்டார். மனு எழுத வேண்டும் என்றார். அந்தக் கோயில் பொதுக்கோயில். பொதுமக்களுக்குத் திறந்திருக்கிற வழிபாட்டு இடத்துக்குள் பட்டியல் சாதியினரை நுழைய விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். ஆனால் யாரும் வாயால் தடுக்கவில்லையே, அத்தையே அல்லவா நின்றுவிட்டார் என்று தெருவிலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அறுபது வருடமாகத் தடுத்துப் பழக்கிவிட்டால் பிறகு வாயால் தடுக்க வேண்டியதில்லை. இதை மனுவில் எப்படி எழுதுவது என்று இரண்டு இரவு யோசித்தோம். கடைசியில், அடுத்த வெள்ளிக்கிழமை இந்தக் குடியிருப்புப் பெண்கள் அந்தக் கோயிலில் கும்பிடப் போகிறோம், பாதுகாப்பு வேண்டும் என்று மட்டும் எழுதினோம்.

மருமகளும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். விசாவில் வந்திருப்பவர் இதில் பெயர் கொடுத்தால் அவருக்குத்தான் தொல்லை வரும் என்று தடுத்தோம். அவருக்குக் கோபம். "அப்ப நான் என்னதான் செய்யுறது?" என்றார். நகல் எடுக்கச் சொன்னோம். கணினி மையத்துக்குப் போகாமல், தமிழில் எழுதிப் பழகிய அந்தக் குண்டு குண்டு எழுத்தில், மூன்று நகலையும் கையாலேயே எழுதி முடித்தார். 'வழிபாடு' என்ற சொல்லை மூன்று இடத்திலும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குச் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக, விடிகாலை ஐந்தரைக்கே பதினேழு பெண்கள் ஏரிக்கரையில் கூடினார்கள். பேருந்துக்கு ஊர்த் தெரு வழியாகத்தான் போக வேண்டும். வழக்கமாக ஏரிக்கரையைச் சுற்றிப் போகிறவர்கள் அன்று சுற்றவில்லை. அத்தை முன்னால் நடந்தார். பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, மெதுவா! கால் வலிக்கும்" என்றாள்.

"இல்லடி" என்றார் அத்தை.

மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. அறிவொளி இயக்கத்தில் கற்றுக்கொண்டது, இரண்டு நிமிடம் ஆனது. ரசீதை வாங்கி, மடித்து, மகனின் பாஸ்போர்ட் இருந்த பையில் வைத்தார்.